மத்லோ அண்ணன் நீந்திய கதை

புயலுக்குப் பயப்படாமல் பூனைக்குப் பயந்த ஒரே மாலுமி இந்தப் பூமியில் எங்கள் மத்லோ அண்ணன்தான். மறுத்துப் பேச நினைக்கிறவர்கள் தங்கள் ஊர் மாலுமி யாரையாவது அழைத்துக்கொண்டு வாருங்கள். நான் இங்கே ஒரு பூனையோடு காத்திருக்கிறேன்.

மத்லோ என்றால் பிரெஞ்சில் கப்பல் சிப்பந்தி. ஞானஸ்நானத்தின்போது அவருக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது பங்குச் சாமியாருக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். எங்கள் பேட்டையான உப்பளத்தில் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உங்களை ஊரை விட்டே அனுப்பிவிடுவார்கள். மத்லோ என்று கேட்டால் சந்து முனை வரை கூட வந்து காட்டுவார்கள். இளவயதில் பிரெஞ்சுக் கப்பல்களில் ஏறி, மர்சேய், சைகோன் என்று சுற்றி, தளம் கழுவி, கயிறு இழுத்து, வெங்காயம் உரித்து, காது ஓரம் நரைத்த பிறகு ஊர் திரும்பிய மனிதர். அந்தக் காலத்துக் கப்பல் தொப்பியை மட்டும் கழற்றவே இல்லை. அதன் உச்சியில் இருந்த சிவப்புக் குஞ்சம் வெளுத்து, பார்க்கிறவர்களுக்குப் பூண்டுப் பல் மாதிரி தெரியும்.

ஊர் திரும்பியவர் துறைமுகப் படகில் தண்டலாகச் சேர்ந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தண்டல் என்றால் வட்டி வசூல் ஞாபகம்தான் வரும், அதனால் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் அப்போது கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு இறக்கக் கடலுக்குள் நீண்டிருந்த பழைய பாலம் உடைந்து கிடந்தது, புதுப் பாலம் பேச்சளவில் இருந்தது. மணலிலிருந்து சலங்கு என்கிற பெரிய படகில் சரக்கை ஏற்றி, அலையைத் தாண்டிக் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். துடுப்புக்காரர்கள் வலிப்பார்கள். பின்னால் நின்று பெரிய துடுப்பைப் பிடித்துப் படகுக்கு வழி காட்டுகிறவர்தான் தண்டல். நான் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. சரக்கோடு படகில் போய்க் கப்பலில் ஒப்படைத்துவிட்டு வருவது என் பிழைப்பு. வெள்ளைக்காரன் போய் நம்ம ஆட்சி வந்த புதுசு அது.

கடலில் மத்லோ அண்ணனைப் பார்க்க வேண்டுமே! ஐப்பசி அலை ஆளுயரம் எழும்பி வரும். எனக்குக் காலையில் தின்ற இட்லி தொண்டை வரை வந்து எட்டிப் பார்க்கும். அவர் பின்னால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டு, "வலிங்கடா, மெதுவா, மெதுவா" என்பார். அதே ஆள் கரையில் கால் வைத்தால் போதும், கோழிக்குஞ்சு ஆகிவிடுவார்.

அவர் கணக்கில் நாலு காலில் நடக்கிற எல்லாமே காட்டு மிருகம். நாய் காட்டு மிருகம். பூனை, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட காட்டு மிருகம். ஆடு இன்னும் தன் சுபாவத்தைக் காட்டாத காட்டு மிருகம். தெரு ஓரத்தில் நாய் படுத்திருக்கும் என்று நட்டநடு ரோட்டில்தான் நடப்பார். பெரிய மார்க்கெட்டுக்குக் கீரை வாங்கப் போய், வாசலில் ஒரு காளை நிற்கிறதே என்று எதிர்த் தெருவிலேயே நின்று, காளை நகராமல், மத்தியானம் வெறும் பையோடு திரும்பி வந்து அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்கள் உண்டு. அப்போது ஊரில் புஷ்புஷ் வண்டி ஒன்றிரண்டு மிச்சம் இருந்தது. ஆள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிற வண்டி. அவர் அதைத் தவிர வேறெதிலும் ஏற மாட்டார். "இதுலதான் தம்பி மாடும் இல்ல, குதிரையும் இல்ல. தள்ளுறவன் கடிக்க மாட்டான்" என்பார்.

"ஏண்ணே, கடல்ல சுறா இருக்கே, அதுக்குப் பயம் இல்லியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது தண்ணிக்குள்ள இருக்கு. அது பாட்டுக்கு அது போவும், நாம பாட்டுக்கு நாம போவோம். நாய் அப்படியா? நின்னு நம்ம மூஞ்சியப் பார்க்குது தம்பி!"

சரி, இவ்வளவு கடல் பார்த்த மனிதர் மீனைப் போல நீந்துவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் இருக்கிறது வேடிக்கை. அவருக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. படகு கரை தொட்டதும் துடுப்புக்காரர்கள் இரண்டு பேர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து காய்ந்த மணலில் இறக்கிவிடுவார்கள். திருவிழாவில் மாதா சுரூபம் தேரிலிருந்து இறங்குகிற மாதிரி இருக்கும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் "மோந்தியே!" என்று அலறுவார். ஐயோ கடவுளே என்பதைப் பிரெஞ்சில் அலறுவது அவருடைய கௌரவம்.

இதில் அவருக்கு வெட்கம் கிடையாது. பெருமை வேறு. "நீச்சல் தெரிஞ்ச பய என்னா பண்ணுவான்? கப்பல் கொஞ்சம் ஆடுனா கரை எந்தப் பக்கம்னு பார்ப்பான். எனக்குக் கரையைப் பார்த்து என்ன ஆவப்போவுது? நான் கப்பலைத்தான் பார்ப்பேன்" என்பார். நாங்கள் சிரிப்போம். படகின் முன்னணியில் துடுப்பு வலிக்கிற கன்னியப்பன், தாய்ப்பாலுக்கு முன்னால் உப்புத் தண்ணீர் குடித்த மீனவன், அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

அந்தப் பெருமையே அவருக்கு வினையாக வந்தது.

மதராஸ் பக்கத்திலிருந்து ஆபீசுக்கு ஒரு புது அதிகாரி வந்தார். தும்முவதற்குக்கூட விதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தும்முகிற ரகம். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ரூல்ஸ். முதல் நாளே படகில் ஏறிக் கப்பலைப் பார்க்கப் போனார். அலையில் படகு ஒரு தூக்குத் தூக்கியதும் முகம் வெளிறி, பேச்சுக்காகத்தான் கேட்டார், "தண்டல், உமக்கு நீச்சல் நல்லா வருமில்ல?"

"தெரியாது முசியே!" என்றார் மத்லோ அண்ணன், மெடல் வாங்குகிற குரலில். ஐயா என்பதும் அவருக்குப் பிரெஞ்சில் முசியேதான்.

ரூல்ஸ் திரும்பி வரும் வழி முழுக்கப் படகின் விளிம்பை விடவில்லை. கரைக்கு வந்ததும் உத்தரவு போட்டார். படகில் வேலை பார்க்கிற எல்லாரும் நீச்சல் பரீட்சை கொடுக்க வேண்டும். அலை உடைகிற இடத்துக்கு அப்பாலிருந்து கரைக்கு நீந்தி வர வேண்டும். தேறாதவர்களுக்குப் படகில் வேலை இல்லை. கரையில் வேறு வேலை தருவார்கள்.

கரையில் என்ன வேலை என்று விசாரித்ததில்தான் எங்களுக்கே ஈரக்குலை நடுங்கியது. காலாப்பட்டுப் பக்கம் சர்க்கார் முந்திரித் தோப்புக்குக் காவல்! நரி ஊளையிடுகிற இடம். சாரைப்பாம்பு குறுக்கே ஓடுகிற இடம். பூனைக்கு ஒதுங்குகிற மனிதரை அங்கே ஒரு லாந்தரும் தடியும் கொடுத்து நிற்க வைத்தால் முதல் ராத்திரியே ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார்.

மத்லோ அண்ணன் கேள்விப்பட்டு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தம்பி, நரி கூட்டமா வருமா, தனியா வருமா?" என்று மட்டும் கேட்டார்.  "அது வரவே வராதுண்ணே" என்றேன். நம்பவில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணி என்னைத் தேடி ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். "தம்பி, மனுசன் சோறு எடுத்தா அப்படியே வெச்சுட்டு எழுந்துடுறாரு. தூக்கத்துல நரி வருது, கதவைச் சாத்துன்றாரு. எப்படியாவது நீச்சலக் கத்துக் குடுங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கே நீச்சல் தெரியாது என்று அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டேன்.

கன்னியப்பன் வாத்தியாரானான். முதலில் கடலில் முயற்சி செய்தோம். மனிதர் இடுப்பளவு தண்ணீரில் என் கழுத்தை ஒரு கையாலும், கன்னியப்பன் கழுத்தை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, "விட்டுடாதீங்கடா" என்று நின்றார். அலை வந்தது. மூன்று பேரும் விழுந்தோம். அத்தோடு கடல் பாடம் முடிந்தது.

அப்புறம் கன்னியப்பனின் சொந்தக்காரர் ஒருவரின் கிணறு. படி இறங்கிக் கடைசிப் படியில் உட்கார்ந்து, சிலுவை போட்டுக்கொண்டு, காலைத் தண்ணீரில் விட்டார். எதிர்ச் சுவரிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாம்பு தலையை நீட்டிப் பார்த்தது. பாவம், அதுவும் பயந்துதான் பார்த்திருக்கும். அண்ணன் படி ஏறினதை நாங்கள் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது மேலே களத்து மேட்டில் ஈரக் கோவணத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

கடைசியாக ஊசுட்டேரிக்கு அழைத்துப் போனோம். பரந்த ஏரி, அசையாத தண்ணீர், பாம்பு இல்லை என்று நான் கரை முழுக்க ஒரு குச்சியால் தட்டிக் காட்டிய பிறகுதான் இறங்கினார். கன்னியப்பன் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து மிதக்கவிட்டான். அவரும் காலை உதைத்தார். இரண்டு உதை சரியாகக்கூட விழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவருக்குப் பின்னால் ஒரு "புஸ்ஸ்ஸ்" சத்தம். தண்ணீருக்கு மேல் இரண்டு பெரிய மூக்குத் துவாரம், இரண்டு கண்.

"நீர்யானைடா!" என்று ஒரு அலறல். "ஆப்பிரிக்கா கரையில நான் பார்த்திருக்கேன்டா! ஓடுங்கடா!"

எருமை. யாரோ குளிப்பாட்ட விட்ட எருமை. சொல்லிக் கேட்கிற நிலையிலா இருந்தார்? ஒரே தாவலில் என் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் சேற்றில் புதைய ஆரம்பித்தேன். எங்கள் இரண்டு பேரையும் கன்னியப்பன் இழுத்துக் கரையில் போட்டான். எருமை கடைசி வரை எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

அப்புறம் ஆபீஸ் பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்துக் கை கால் அசைவைப் பழக்கினோம். பெஞ்சில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, அப்படி நீந்தினார். ஆபீஸ் பூனை பெஞ்சுக்கு அடியில் புகுந்து போகும்வரை.

பரீட்சைக்கு நாள் நெருங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் காலையில் வந்து, "தம்பி, ரூல்ஸ் முசியே மனசு ஏதாச்சும் மாறுச்சா?" என்பார். இல்லை என்று தலையை ஆட்டுவேன். தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு போவார். ஆள் இளைத்துச் சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை, சும்மா சொல்லக் கூடாது.

இந்தச் சமயத்தில்தான் சிறுத்தை வந்தது.

ஆமாம், சிறுத்தையேதான். பிரான்சுக்கு மூட்டை கட்டிய ஒரு வெள்ளைக்காரர் குட்டியிலிருந்து வளர்த்தது. அவர் முன்னாலேயே கப்பலேறிவிட்டார். சிறுத்தை மரக் கூண்டில் பின்னால் வந்தது. கூண்டுக் கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்ததால் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரருக்குப் பிரெஞ்சைத் தவிர வேறு பாஷை வராது. கப்பலில் அவரோடு பேசி ஒப்படைக்க மத்லோ தண்டல்தான் போக வேண்டும் என்று ரூல்ஸ் சொல்லிவிட்டார்.

மத்லோ அண்ணன் என்னை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.  "தம்பி, மாட்டேன்னு சொல்லிடட்டுமா?"

"சொன்னா இன்னிக்கே காலாப்பட்டுண்ணே."

"போனா இன்னிக்கே மோட்சம்டா!"

ஆனாலும் போனார். கூண்டைப் படகின் நடுவில் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அவர் பின்னால் தன் இடத்தில் போய் நின்று, கூண்டுக்கு முதுகைக் காட்டவும் முடியாமல், முகத்தைக் காட்டவும் முடியாமல், பக்கவாட்டில் நண்டு மாதிரி நின்றார். நான் அவருக்கும் கூண்டுக்கும் நடுவில். தார்ப்பாய்க்கு உள்ளே கரகரவென்று மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இங்கே எங்கள் படகுக்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அலையைத் தாண்டும்வரை சரக்கு நகரக் கூடாது என்று படகோடு சேர்த்து இறுக்கிக் கட்டுவார்கள். கடைசி அலை தாண்டியதும் முன்னணிக்காரன் ஒரே இழுப்பில் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவான். கப்பலுக்குப் போனதும் சரக்கைத் தூக்குகிறவர்கள் காத்திருக்கக் கூடாது அல்லவா, அதற்காக. வருஷக்கணக்காக அரிசி மூட்டைக்கும் சிமெண்டு மூட்டைக்கும் செய்து செய்து, அது கைக்கு வந்த பழக்கம். அன்றைக்குக் கூண்டைக் கட்டினவன் படகோடு கட்டுகிற கயிற்றையே கூண்டுக் கதவின் கம்பிக்குள்ளும் விட்டு, கதவைக் கட்டியிருந்த பழைய கயிற்றை எடுத்துவிட்டு, ஒரே முடிச்சாகப் போட்டிருந்தான்.

கடைசி அலையைத் தாண்டினோம். கன்னியப்பன் வழக்கம்போல எட்டி ஒரு இழுப்பு இழுத்தான். கயிறு அவிழ்ந்து விழுந்தது. தார்ப்பாயும் காற்றில் சரிந்தது.

கதவு மெள்ளத் திறந்தது.

படகு இந்தப் பக்கம் சாய்ந்தால் கதவு திறக்கிறது, அந்தப் பக்கம் சாய்ந்தால் மூடிக்கொள்கிறது. திறக்கும்போதெல்லாம் உள்ளே இரண்டு மஞ்சள் கண்.  மூன்றாவது முறையோ நாலாவது முறையோ திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு உறுமல் வந்தது பாருங்கள், "அம்மா!" என்று கன்னியப்பன் கடலில் குதித்தான். அவன் பின்னாலேயே தொபீர் தொபீர் என்று துடுப்புக்காரர்கள் அத்தனை பேரும். எல்லாரும் நல்ல நீச்சல்காரர்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல் கரையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

படகில் மிச்சம் இருந்தது மூன்று பேர். நான், மத்லோ அண்ணன், சிறுத்தை.

 நான் பலகைமேல் ஏறி நின்றுகொண்டு, "அண்ணே, அண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். மறைக்காமல், குழந்தை மாதிரி. ஆனால் துடுப்பை விடவில்லை. விட்டால் படகு குறுக்கே திரும்பி அலையில் போய்க் கவிழும் என்று எனக்கே தெரியும்.

"தம்பி, இதைப் பிடி. இப்படியே பிடி. ஆடாதே" என்று துடுப்பை என் கையில் கொடுத்தார். தொப்பியைக் கழற்றினார். அவர் தலையை நான் முதல்முறையாக அன்றைக்குத்தான் பார்த்தேன். நடு மண்டையில் முடியே இல்லை.

தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கூண்டுக்கு முன்னால் ஒவ்வோர் அடியாகப் போனார். "பொன்சூர் முசியே," என்று சிறுத்தைக்கு வணக்கம் வைத்தார். "நீங்க பாட்டுக்கு உள்ளயே இருங்க முசியே. வெளிய ஒண்ணும் இல்ல. வெறும் தண்ணி. நாங்க ரெண்டு பேரும் எலும்பு, திங்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது. தயவு செஞ்சு உக்காருங்க. மாதாவே, உக்கார வையும் தாயே."

கதவு திறந்தது. சிறுத்தை தலையை வெளியே நீட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "உவ்வே" என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன். மத்லோ அண்ணனின் கால் முழுக்கச் சிறுத்தை வாந்தி எடுத்திருந்தது.

அவர் காலைப் பார்த்தார். சிறுத்தையைப் பார்த்தார். அது தலையை வாசற்படியில் வைத்துக்கொண்டு, வாய் ஓரம் நுரை தள்ள, கண் செருகிக் கிடந்தது.

"அடப் பாவமே," என்றார். குரலே மாறிவிட்டது. "தம்பி, இதுக்கு மொத தடவைடா! மொத தடவை கடல்ல வர்ற பய எல்லாம் இப்படித்தான் கெடப்பான். வயித்தைப் புரட்டுதா முசியே? புரட்டும், புரட்டும். எனக்கும் அப்படித்தான் புரட்டுச்சு. கொஞ்சம் உள்ள தள்ளிப் படுத்துக்குங்க."

 அழுதுகொண்டே கதவைத் தள்ளி, அதன் தலையை உள்ளே நகர்த்தி, இடுப்புப் பெல்ட்டை அவிழ்த்துக் கம்பியில் மாட்டி இறுக்கினார். அப்புறம் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து துடுப்பை வாங்கிக்கொண்டார். கப்பலிலிருந்து படகு அனுப்பி எங்களை இழுத்துக்கொண்டு போகும்வரை அப்படியே நின்றார். கூண்டு மேலே போனது. வெள்ளைக்காரர் மேலிருந்து "மெர்சி, மெர்சி" என்று கத்தினார். இவரும் "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு மயங்கி விழுந்தார்.

கரையில் ரூல்ஸ் நின்றுகொண்டிருந்தார். துடுப்புக்காரர்கள் ஈரம் சொட்டத் தலை குனிந்து வரிசையாக நின்றார்கள். "சரக்கை விட்டுட்டு ஓடி வந்ததுக்கு உங்களுக்குத் தனியா இருக்கு," என்று அவர்களைக் கடிந்துகொண்டார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "ஆனா நீச்சல்ல எல்லாரும் பாஸ். நானே கண்ணால பார்த்தேன்" என்றார்.

"நான் முசியே?" என்றார் மத்லோ அண்ணன், கால்சட்டையைப் பிடித்தபடி.

"நீர் இன்னும் நீந்தலையே" என்றார் ரூல்ஸ். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத் தூக்கி அந்தக் கூண்டில் போட்டிருப்பேன். நல்ல வேளை, கூண்டு கப்பலில் இருந்தது.

வெள்ளிக்கிழமை பரீட்சை. முந்தின நாள் கன்னியப்பன் என்னிடம் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "சார், அன்னிக்கு அந்த மனுசனைத் தனியா விட்டுட்டுக் குதிச்சோம். எங்க பொம்பளைங்க எங்களுக்குச் சோறு போட மாட்டேன்றாளுங்க. நாளைக்கு நாங்க பார்த்துக்குறோம். நீங்க மட்டும் ரூல்ஸ் துரையைப் பேச்சுல பிடிச்சு வைங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை. ரூல்ஸ் குடை பிடித்து மணலில் நின்றார். பக்கத்தில் நான். கொஞ்சம் தள்ளி அண்ணி, கையில் ஜெபமாலை. படகு அலையைத் தாண்டிப் போய் நின்றது. மத்லோ அண்ணன் தொப்பியோடேயே விளிம்பைப் பிடித்து இறங்கினார். கடைசி விரலை விட அவருக்கு மனசு வரவில்லை, கரையிலிருந்தே தெரிந்தது. அப்புறம் விட்டார்.

மூழ்கவில்லை. வந்தார். நெஞ்சு வரை தண்ணீருக்கு மேலே தெரிய, கை இரண்டும் கும்பிட்டபடி, கண் மூடியபடி, தேர் மாதிரி நேராக வந்துகொண்டிருந்தார்.

ரூல்ஸ் குடையைத் தாழ்த்தினார். "கையும் அசையல, காலும் அசையல. என்னய்யா நீச்சல் இது?"

"பிரெஞ்சு நீச்சல் சார்" என்றேன். எனக்கே அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"ஓகோ. அவரைச் சுத்தி அப்பப்போ ஒரு தலை வெளிய வந்து மூச்சு விட்டுட்டுப் போவுதே, அதுவும் பிரெஞ்சா?"

 நான் படகைப் பார்த்தேன். படகில் ஒருத்தன்கூட இல்லை. அது பாட்டுக்குத் தனியாக மிதந்துகொண்டிருந்தது. ரூல்ஸும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அந்த அலை வந்தது. பெரிய அலை. அவர்கள் மேல் அப்படியே உடைந்தது. நுரைக்குள் துடுப்புக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறி எழுந்தார்கள். மத்லோ அண்ணனைக் காணவில்லை. "எங்கடா அவரு? விட்டுட்டேன்டா!" என்று கன்னியப்பன் கதறுவது கரைக்குக் கேட்டது. அண்ணி அலறினார். நான் ஓடினேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது கழுத்தளவு தண்ணீரில்தான் ஞாபகம் வந்தது. பின்னால் யாரோ மூச்சு வாங்க ஓடி வருகிறார்களே என்று திரும்பினால், ரூல்ஸ்! பூட்ஸோடு, குடையோடு, இடுப்பளவு தண்ணீரில் நின்று, "மத்லோ! ஓய் மத்லோ!" என்று கத்துகிறார்.

நுரை வடிந்தது. எங்களுக்குப் பின்னால், கரை மணலில், உட்கார்ந்திருந்தார் மனிதர். தொப்பியைக் காணோம். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. உயிர் இருந்தது.

ரூல்ஸ் நடுங்கிக்கொண்டே மேலே ஏறி வந்தார். குடையை மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை. "பாஸ்," என்றார் என்னிடம். "எழுதிக்கோ. சிறுத்தையோட படகுல நின்ன ஆளை முந்திரித் தோப்புக்கு அனுப்புனா, என் வீட்டுல எனக்குச் சோறு கிடைக்காது. என் சம்சாரம் தினமும் அவரைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்கா." அப்படியே ஈரத்தோடு நடந்து போய்விட்டார். அன்றைக்குத்தான் அவருக்கும் வீடு வாசல் உண்டு என்று எங்களுக்குப் புரிந்தது.

துடுப்புக்காரர்கள் மத்லோ அண்ணனைச் சுற்றி அழுகையும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி முந்தானையால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே திட்டித் தீர்த்தார். அவர் யாரையும் கவனிக்கவில்லை. என்னைக் கையசைத்துக் கிட்டே கூப்பிட்டார். காதோடு காதாகக் கேட்டார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. அந்தக் கடைசி அலையில என்னை யாருமே பிடிச்சுக்கல. எனக்கு நல்லாத் தெரியும். நான் கையைக் காலை ஆட்டுனேன். நான் நீந்துனேனா, இல்ல அலைதான் கொண்டாந்து போட்டுச்சா?"

அந்த அலை அவரைத் தேங்காயை உருட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டு போய்ப் போட்டிருக்கும். வேறு எப்படி வந்திருக்க முடியும்?

"நீங்கதாண்ணே நீந்துனீங்க," என்றேன். "நான் பார்த்தேன்."

இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.